ஒரு விரலால் காட்டு

"ஒரு விரலால காட்டும்மா" என்றாள் டாக்டர். ஐந்து விரலும் கூடாதாம், உள்ளங்கையை வைத்து இந்தப் பக்கமெல்லாம் என்று தடவக் கூடாதாம், எங்கே ரொம்ப வலிக்கிறதோ அங்கே ஒரே ஒரு விரல், அந்த இடத்தில்தான் மிஷினை வைத்துப் பார்ப்பாளாம். அம்சவேணிக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த விரலை அவள் கண்ணிலேயே விட்டு ஆட்டியிருப்பாள். என்ன வயசிருக்கும் இவளுக்கு, இருபத்தஞ்சு இருக்குமா, வாராத தலை, தூங்காத மூஞ்சி, ஜெனிஷா என்று கோட்டில் பேர் குத்தியிருக்கிறது, பேச்சு தெக்கத்திப் பேச்சு, எந்த ஊரிலிருந்தோ வந்து என் வயிற்றில் விரல் வை என்கிறாள். வலி எங்கே என்று அம்சாவுக்குத் தெரியாதா? நேற்றுக் காலை தொப்புளைச் சுற்றிக் கிள்ள ஆரம்பித்தது. மாங்கூழ் கம்பெனியில் தோல் சீவும்போதே ரெண்டு தடவை உட்கார்ந்து எழுந்தாள். சாயந்திரம் பஸ்ஸில் வரும்போது அது நகர்ந்து நகர்ந்து வலது பக்க அடிவயிற்றுக்கு வந்து, இடுப்பெலும்புக்கும் தொப்புளுக்கும் நடுவில் ஆணி அடித்த மாதிரி நின்றுவிட்டது. கண்ணைக் கட்டிவிட்டாலும் காட்டுவாள். ஆனால் காட்ட மாட்டாள். அடிவயிற்றில் இன்னொரு சங்கதியும் இருக்கிறது. அம்சா தலைக்குக் குளித்து ரெண்டரை மாசம் ஆகிறது. அது ஒரு ஈ காக்காய்க்குத் தெரியாது, புருஷன் குமரேசனுக்குக்கூடத் தெரியாது, தெரியவே கூடாத ஆள் இதோ தலைமாட்டில் கட்டைப்பையை மாரோடு அணைத்துக்கொண்டு நிற்கிறாள். பூங்காவனம். குமரேசனின் அக்கா. மாமியார் இல்லாத வீட்டில் மாமியாருக்கும் மேலே ஒரு மாமியார். அடிவயிற்றில் மிஷினை வைத்தால் அதுவும் தெரியும், இதுவும் தெரியும். அம்சா விரலை எடுத்தாள், நெஞ்சுக்குழிக்குக் கொஞ்சம் கீழே, வலியே இல்லாத இடமாகப் பார்த்து வைத்தாள். "இங்கதாங்க" என்றாள்.

நாலு சக்கரத்தில் உருட்டிக்கொண்டு வந்தார்கள் அந்த மிஷினை. அவசரப் பிரிவு என்று பேர், மணி பதினொன்று ஆகிறது, எவனுக்கும் அவசரம் இருக்கிற மாதிரித் தெரியவில்லை. பக்கத்துக் கட்டிலில் பைக்கிலிருந்து விழுந்தவன் ஒருத்தன் தன் செருப்பு எங்கே என்று அரை மணி நேரமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறான், கால் உடைந்தவனுக்குச் செருப்பு எதற்கு. மிஷின் பக்கவாட்டில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது, ஆணா பெண்ணா என்று இங்கே சொல்வதில்லை, கேட்பதும் குற்றம் என்று. கேட்பதும் குற்றமாம், நல்லா இருக்கு, அந்த மோட்டார் ரூமில் எந்தக் காகிதம் ஒட்டியிருந்தது? இதைவிடச் சின்ன மிஷின் அது, ஸ்கூல் பையில் போட்டு ஒருத்தன் கொண்டுவந்திருந்தான். ரெண்டு வருஷம் ஆச்சு. கோயிலுக்குப் போறோம், தலைக்குக் குளிச்சுட்டு வா என்று சொல்லித்தான் பூங்காவனம் கூட்டிக்கொண்டு போனாள், மாந்தோப்புக்கு நடுவே ஒரு மோட்டார் ரூம், உரமூட்டை மேல் பாயைப் போட்டு படுக்கச் சொன்னான், பேர் கேட்கவில்லை, ஊர் கேட்கவில்லை, வயிற்றில் பசையை ஊற்றினான், ஐயோ அந்தச் சில்லிப்பு. திரையில் மழை பெய்கிற மாதிரி இருந்தது, வேறொன்றும் தெரியவில்லை. போகும் வழியிலேயே பூங்காவனம் காதில் சொல்லி வைத்திருந்தாள், அவன் வாயைத் திறந்து எதுவும் சொல்ல மாட்டான், பையன் என்றால் டீ குடிச்சுட்டுப் போங்க என்பான், பொட்டை என்றால் கிளம்புங்க என்பான் என்று. ஜன்னல் மேல் சிவப்பு பிளாஸ்க் ஒன்று இருந்தது. அம்சா அந்த பிளாஸ்க்கையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். அவன் கையைத் துண்டில் துடைத்தான். கிளம்புங்க என்றான்.

அதற்கப்புறம் மாத்திரை, அதற்கப்புறம் அஞ்சு நாள். அந்த அஞ்சு நாளும் பூங்காவனம் ஒரு துணியைக்கூட அம்சாவைத் துவைக்க விடவில்லை, எல்லாவற்றையும் தானே அலசினாள், பூண்டுக் குழம்பு வைத்து பத்தியச் சாப்பாடு ஆக்கிப் போட்டாள், ராத்திரி எழுந்து எழுந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். இதைத்தான் அம்சாவால் பொறுக்க முடியவில்லை. அடித்திருந்தால் திட்டியிருக்கலாம், பட்டினி போட்டிருந்தால் ஊரைக் கூட்டியிருக்கலாம், பூண்டுக் குழம்பு வைத்தவளை என்னவென்று சொல்லித் தூற்றுவது? அவளுக்கு அதில் தப்பு என்று ஒரு கடுகளவுகூடத் தோன்றவில்லை, ஒரு பெரிய வேலையை நல்லபடியாக முடித்த களை முகத்தில் இருந்தது. ஒன்றே ஒன்றுக்குத்தான் பயந்தாள். "ஊர் நர்ஸம்மாகிட்ட மூச்சு விட்டே, தொலைச்சுப்புடுவேன்" என்றாள். "மாசம்னு அவ நோட்டுல பதிஞ்சுட்டான்னா அப்புறம் நம்மளால ஒண்ணும் பண்ண முடியாது." மூத்தது யாழினிக்கு அப்போது மூணு வயசு, பாப்பா எங்கே பாப்பா எங்கே என்று கேட்டுக்கொண்டே இருந்தது, அதற்கு யார் சொன்னார்கள் பாப்பா என்று, அம்சாதான் சொல்லியிருந்தாள், கோயிலுக்குப் போகிறதற்கு முந்தின நாள்.

"ஸ்கேன் டாக்டர் ரெண்டு மணிக்குத்தான் வருவாங்க மேடம்" என்று நர்ஸ் இழுத்தாள். "பொம்பளைக்கு வச்சா மாசமா இல்லையான்னு எழுதணும். அப்புறம் எங்களைத்தான் புடிப்பாங்க." டாக்டர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "இந்த மிஷின வச்சுப் பாக்கதுக்கு எம் பேரும் பதிஞ்சிருக்கு. ரெண்டு மணி வரைக்கும் அப்பெண்டிக்ஸ் காத்துக்கிட்டு இருக்குமா? கார்டுல ஒரு கோடுதானே வந்துச்சு? இல்லன்னு எழுதுங்க." ஒரு கோடு. அம்சாவுக்குச் சிரிப்பு வந்தது, சிரித்தால் வயிறு கிழியும். காலையில் வந்ததுமே ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பாவைக் கையில் கொடுத்து, ஒண்ணுக்கு பிடிச்சுட்டு வா என்று கக்கூசுக்கு அனுப்பினார்கள். சுவரைப் பிடித்துக்கொண்டு, கூன் விழுந்த கிழவி மாதிரிப் போனாள், உள்ளே தாழ்ப்பாள் இல்லை, பூங்காவனம் வெளியே நின்று கதவை இழுத்துப் பிடித்துக்கொண்டாள். ஆச்சா, ஆச்சா என்றாள். அம்சா குழாயைத் திறந்து டப்பாவில் பைப்புத் தண்ணியைப் பிடித்தாள். நிறத்துக்கு நாலு சொட்டு கலக்கலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தாள், நாலு சொட்டும் காட்டிக்கொடுத்துவிடும் என்று விட்டுவிட்டாள். கொண்டுபோய் நீட்டினால் அந்த லேப் பையன் செல்போனைப் பார்த்துக்கொண்டே வாங்கிக்கொண்டான். அரசாங்க ஆஸ்பத்திரியில் தண்ணிக்கும் மூத்திரத்துக்கும் வித்தியாசம் பார்க்க ஆள் இல்லை, வாழ்க.

பசை விழுந்தது. அதே சில்லிப்பு. உடம்பு அப்படியே மோட்டார் ரூமுக்குப் போய் உரமூட்டை மேல் படுத்துக்கொண்டது, யூரியா நாற்றம்கூட வந்தது, இங்கே எங்கே யூரியா, இங்கே டெட்டால். பூங்காவனம் தலைமாட்டை விட்டு நகர்ந்து திரை தெரிகிற பக்கமாக வந்து நின்றாள். பார்த்தாயா, பார்த்தாயா, அவளுக்கு அந்த மழையைப் படிக்கத் தெரியும் போலிருக்கிறது, ஒரு தடவை பார்த்தவள்தானே. அம்சா காட்டிய இடத்தில் டாக்டர், மிஷினிலிருந்து வயரில் தொங்கிய கட்டையை வைத்து அழுத்தினாள், அசைத்தாள், இன்னும் அழுத்தினாள். "இங்கயா வலிக்கி?" "ஆமாங்க." "அழுத்தும்போதா?" "ஆமாங்க." "இப்ப?" "இப்பயுந்தாங்க." டாக்டர் அவள் முகத்தைப் பார்த்தாள், வயிற்றைப் பார்க்கவில்லை. அது அம்சாவுக்குப் பிடிக்கவில்லை. மாங்கூழ் கம்பெனியில் அம்சாவும் அப்படித்தான். ஏழு வருஷமாகப் பழம் பார்க்கிறாள், பெங்களூராவோ அல்போன்சாவோ, மேல்தோல் பளபளவென்று இருக்கும், உள்ளே வண்டு குடைந்திருக்கும், கட்டைவிரலை வைத்து அமுக்கினால் தெரியும். அமுக்கும்போது தெரியாது, எடுக்கும்போதுதான் தெரியும், நல்ல பழம் விரலோடு எழும்பி வரும், சொத்தைப் பழம் அப்படியே குழிந்து கிடக்கும். புதிசாக வருகிற பொண்ணுங்களுக்கு இது பிடிபடவே ஒரு சீசன் ஆகும். இந்த டாக்டரும் அழுத்திவிட்டு வெடுக்கென்று கையை எடுத்தாள், எடுத்து முகத்தைப் பார்த்தாள். இவளுக்குப் பிடிபட்டிருக்கிறது. சனியன், வேலை தெரிந்தவளாக வந்து வாய்த்திருக்கிறாள்.

"அப்பெண்டிக்ஸ் இங்க இருக்காதும்மா" என்று சொல்லிக்கொண்டே கட்டையைக் கீழே இறக்கினாள். அம்சா வயிற்றைக் கல்லாக இறுக்கினாள். "இறுக்காத. மூச்ச விடு." விடவில்லை. "முழங்கால மடக்கு." மடக்கினாள், மடக்கினதும் ஆணி இன்னும் ஆழமாக இறங்கியது, பல்லைக் கடித்தாள், கடித்த பல்லுக்கு நடுவே டாக்டரின் அம்மாவை, ஆஸ்பத்திரியை, மிஷினைக் கண்டுபிடித்தவனை, எல்லாரையும் வரிசையாகத் திட்டினாள். கட்டை தொப்புளைத் தாண்டியது. இன்னும் நாலு விரற்கடை இறங்கினால் போச்சு. திரையில் மழைக்கு நடுவே கறுப்பாக ஒரு குழி தெரிந்தால் போதும், பூங்காவனத்தின் வாய் திறக்கும், குளிக்கலையாடி நீ என்பாள், அழகாகச் சிரிப்பாள், தலையைத் தடவுவாள், ரெண்டு நாள் கழித்துக் கோயிலுக்குப் போகலாம் என்பாள். அம்சா சடாரென்று டாக்டரின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். பசையில் வழுக்கியது, நகத்தைப் போட்டுப் பிடித்தாள். "கைய எடு" என்றாள் டாக்டர். "வலிக்குதுங்க." "எங்க வலிக்கி? மேல வலிக்கின்னு சொல்லிட்டு கீழ வந்தா கையப் பிடிக்க. என்னை என்ன லூசுன்னு நினைச்சியா? நா இருபத்தாறு மணி நேரமா நிக்கேன், கேட்டியா." பூங்காவனம் குறுக்கே வந்தாள். "அவளுக்குக் கூச்சம் டாக்டரம்மா, நீங்க பாருங்க, நான் புடிச்சுக்குறேன்" என்று அம்சாவின் ரெண்டு கையையும் பிடித்துத் தலைக்கு மேலே கட்டிலோடு அமுக்கினாள். அன்றைக்கும் இப்படித்தான் பிடித்தாள். அதே வளையல்தான், குளிர்ந்து கிடந்தது.

டாக்டர் நிமிர்ந்தாள். "கைய விடுங்க" என்றாள் பூங்காவனத்திடம். பூங்காவனம் விட்டாள், முகத்தில் ஒரு சுளிப்பு, நல்லதுக்குத்தானே செய்தேன் என்கிற சுளிப்பு, அம்சாவுக்கு அது மனப்பாடம். டாக்டர் கட்டையைத் துடைத்து மிஷினில் மாட்டினாள். "ஒண்ணும் சரியா தெரியல. வயித்துல கேஸ் வேற இருக்கு. ஒத்துழைக்கவும் மாட்டேங்கா. சிடி ஸ்கேன் எடுத்திருவோம், எழுதுங்க நர்ஸ்." அப்பாடா. அம்சாவுக்கு உடம்பெல்லாம் தளர்ந்தது. ஜெயிச்சாச்சு. கையை எடுத்து வயிற்றுப் பசையைப் புடவையில் துடைத்தாள். சிடி என்றால் என்ன, பெரிய எக்ஸ்ரேதானே, கம்பெனி மேஸ்திரிக்குத் தலையில் அடிபட்டபோது எடுத்தார்களே, குகை மாதிரி ஒன்றுக்குள் படுக்க வைத்து உள்ளே தள்ளினார்கள் என்று சொன்னாரே, அதில் ஆட்கள் யாரும் கூட நிற்க முடியாது, பூங்காவனம் நிற்க முடியாது, நல்லது. எக்ஸ்ரே. காலையில் ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு வரும்போது எக்ஸ்ரே ரூமைத் தாண்டித்தான் வந்தார்கள், கதவில் ஒரு போர்டு, மஞ்சள் போர்டு, அதில் வயிறு தள்ளின பொம்பளை படம், படத்துக்கு மேலே சிவப்பில் குறுக்குக் கோடு. கர்ப்பிணிகள் முன்கூட்டியே தெரிவிக்கவும். அம்சா எட்டாவது வரைக்கும் படித்தவள், எழுத்துக் கூட்டாமலே படித்தாள், படித்து எனக்கென்ன என்று கண்ணை மூடிக்கொண்டாள். எனக்கென்ன. எனக்குத்தானே.

வலி திரும்பி வந்தது, இந்தத் தடவை ஆணியாக வரவில்லை, ஆணியைச் சுற்றி வயிறு பூராவும் சூடாக வந்தது. உதறலெடுத்தது. வெடிச்சிரும் என்று காலையில் யாரோ சொன்னார்களே, யார், இந்த டாக்டர்தான், அப்பெண்டிக்ஸ்னா குடல்வால், அது பழுத்து வெடிச்சா வயிறு பூரா சீழ் என்றாள். பழுத்து. அந்த வார்த்தையை இவள் எதற்குச் சொன்னாள். பெட்டியில் ஒரு பழம் பழுத்து வெடித்தால் பெட்டியே போச்சு என்று அம்சாவுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம், அடியில் கிடக்கிற பிஞ்சும் சேர்ந்துதான் போகும். பிஞ்சு. வாயைத் திறந்தால் பூங்காவனம் கொண்டுபோய்விடுவாள், திறக்காவிட்டால் குகைக்குள் தள்ளுவார்கள், ரெண்டும் ஒன்றுதான், அந்தப் பக்கம் போனாலும் கிளம்புங்க, இந்தப் பக்கம் போனாலும் கிளம்புங்க. இல்லை, ரெண்டும் ஒன்றில்லை, எங்கேயோ ஒரு முடிச்சு இருக்கிறது, அகப்படாமல் வழுக்குகிறது. அம்சா கண்ணை மூடித் தேடினாள். யாரிடமிருந்து மறைக்கிறேன், பூங்காவனத்திடமிருந்து. பூங்காவனம் யாரிடமிருந்து மறைத்தாள், நர்ஸம்மாவிடமிருந்து. ஏன். நோட்டு. பதிஞ்சுட்டான்னா நம்மளால ஒண்ணும் பண்ண முடியாது. அவளே சொன்னது, அவள் வாயாலேயே சொன்னது, பூண்டு உரித்துக்கொண்டே சொன்னது. போன வருஷம் மேலத்தெரு பொண்ணு ஒன்றுக்கு நாலு மாசம் பதிந்துவிட்டு அப்புறம் கலைத்துவிட்டார்கள் என்று அந்த நர்ஸம்மா அவர்கள் வீட்டு வாசலில் வந்து நின்ற நிலை, எங்க போச்சு, யார் கூட்டிட்டுப் போனது, எந்த ஊர், எந்த ஆளு என்று நோட்டைத் தட்டித் தட்டிக் கேட்டாள், பின்னாலேயே போலீஸ் வந்தது. அன்றைக்கு ராத்திரி பூங்காவனம் சோறு சாப்பிடவில்லை. அட கூறு கெட்டவளே, அம்சா, ரெண்டரை மாசமாக அவளுக்கல்லவா நீ வேலை பார்த்திருக்கிறாய். நீ மறைக்க மறைக்க அவளுக்குத்தானே வசதி, யாருக்கும் தெரியாத ஒன்றை யாருக்கும் தெரியாமல் அழிப்பதற்கு எவளுக்கு என்ன கஷ்டம்?

ஸ்ட்ரெச்சரைத் தள்ளுகிறவர் வந்து நின்றார். பூங்காவனம் அம்சாவின் தோளுக்கு அடியில் கையைக் கொடுத்து, எழுந்திரு கண்ணு என்றாள். கண்ணாம்.

"மேடம்" என்றாள் அம்சா. டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள், செருப்புக்காரன் காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள், திரும்பவில்லை. அம்சா கத்தினாள், வயிறு கிழியட்டும் என்று கத்தினாள். "மேடம், அந்த டப்பால நான் குடுத்தது ஒண்ணுக்கு இல்லைங்க. பைப்புத் தண்ணி."

செருப்புக்காரன்கூடத் திரும்பிப் பார்த்தான். "நான் தலைக்குக் குளிச்சு ரெண்டரை மாசம் ஆச்சு" என்றாள் அம்சா. நர்ஸுக்கு முதலில் புரிந்தது, எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது. டாக்டர் வந்தாள். வந்த வேகத்தில் அடிப்பாள் என்றே அம்சா நினைத்தாள். "அறிவிருக்கா உனக்கு? சிடிக்குள்ள போயிருப்ப. மயக்க ஊசி போடுகவங்ககிட்ட எவ சொல்லுவா? எதுக்கு மறைச்ச? எதுக்கு, சொல்லு." பூங்காவனம் முந்திக்கொண்டாள். "பொய்ங்க டாக்டரம்மா. காய்ச்ச வேகத்துல உளர்றா. அப்படி இருந்தா எனக்குத் தெரியாம இருக்குமா, ஒரே வீட்டுல இருக்கோம்." பிறகு குனிந்து, பல்லிடுக்கில், அம்சாவுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "வீட்டுக்கு வாடி" என்றாள். "வரேன் அண்ணி" என்றாள் அம்சா, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. "நர்ஸக்கா, எழுதுங்க. மாசம்னு எழுதுங்க. எங்க ஊரு நர்ஸம்மா நம்பர் எங்க வீட்டுக்காரர்கிட்ட இருக்கு, வெளிய டீக்கடைல நிப்பாரு, குமரேசன்னு பேரு, கூப்பிட்டு வாங்கி போன் போட்டுச் சொல்லுங்க. பதியச் சொல்லுங்க. இன்னைக்கே பதியச் சொல்லுங்க." பயமாகத்தான் இருந்தது, அப்படியொரு பயம் அவள் பட்டதே இல்லை.

நர்ஸ் ஒரு நீளக் காகிதத்தை எடுத்தாள், முணுமுணுத்தாள், நான் அப்பவே சொன்னேன் என்றாள், பேரைக் கேட்டாள், புருஷன் பேரைக் கேட்டாள், எத்தனை குழந்தை என்று கேட்டாள், அம்சாவிடம் கையெழுத்து வாங்கினாள். டாக்டர் மறுபடியும் கட்டையைக் கையில் எடுத்தாள். "இப்ப ஒரு விரலால காட்டு. இந்தத் தடவை பொய் சொன்னா நா போயிட்டே இருப்பேன்." அம்சா காட்டினாள். இடுப்பெலும்புக்கும் தொப்புளுக்கும் நடுவே, ஆணியின் தலை மேலேயே விரலை வைத்தாள். பசை விழுந்தது, மூச்சை விட்டாள், வயிற்றைத் தளரவிட்டாள், அதுதான் இருக்கிறதிலேயே பெரிய பாடாக இருந்தது, ரெண்டு வருஷமாக இறுக்கி வைத்த வயிறு. கட்டை மெதுவாக அழுத்திக்கொண்டே இறங்கியது, மாவு பிசைகிறவளின் நிதானம், குடலை அப்படியும் இப்படியும் ஒதுக்கி ஒதுக்கி உள்ளே போனது. அம்சா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஐயோ ஆத்தா என்று வாய்விட்டு அலறினாள். "இதோ" என்றாள் டாக்டர், தனக்குத்தானே. "நல்ல குடல்னா அமுங்கும். இது அமுங்க மாட்டேங்கு. ஒரு பக்கம் வழியில்லாத குழாய். வீங்கிப்போய் நிக்கி. சர்ஜன கூப்பிடுங்க, ஓடுங்க. இன்னும் வெடிக்கல." இன்னும் வெடிக்கவில்லை. இன்னும்.

கட்டை நடுவே நகர்ந்தது. திரை பூங்காவனத்தின் பக்கம்தான் இருந்தது, அவள் கழுத்தை நீட்டினாள். மழைக்கு நடுவே கறுப்பாக ஒரு குழி, குழிக்குள் முந்திரிப் பருப்பு அளவில் ஒன்று, அதற்கு நடுவே விடாமல் துடித்துக்கொண்டு ஏதோ ஒன்று. அம்சா அதைப் பார்த்தாள். சந்தோஷம் எதுவும் வரவில்லை, வரும் என்று நினைத்திருந்தாள், வரவில்லை. இருக்கியா, இரு, என்று மட்டும் தோன்றியது, கடனே என்று வேலைக்கு வந்தவளைப் பார்த்துச் சொல்கிற மாதிரி. பூங்காவனம் தொண்டையைக் கனைத்தாள், குரலை எப்படித்தான் அவ்வளவு குழைவாக மாற்றுகிறாளோ. "ரொம்ப சந்தோசம் டாக்டரம்மா. எல்லாம் நல்லாருக்கா? அது என்னன்னு ஏதாச்சும்…" டாக்டர் அவளைப் பார்க்காமலே மிஷின் பக்கவாட்டில் ஒட்டியிருந்த காகிதத்தைக் காட்டினாள். "படிக்கத் தெரியுமா? சத்தமா படிங்க." பூங்காவனத்துக்குப் படிக்கத் தெரியும். படிக்கவில்லை. டாக்டர் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். "பத்து வாரம் இருக்கும். துடிப்பு இருக்கு" என்று நர்ஸிடம் சொன்னாள். அம்சாவிடம், "ஆபரேஷன்ல இதுக்கு ஆபத்து கொஞ்சம் உண்டு. செய்யலைன்னா ரெண்டு பேருக்கும் ரொம்ப ஆபத்து. புரியுதா?" என்றாள். கடுகடுவென்றுதான் சொன்னாள், ஆறுதலாக ஒரு வார்த்தை கிடையாது. அம்சாவுக்கு அதுவே போதுமாக இருந்தது. ஆறுதல் சொல்கிறவர்களை அவளுக்குத் தெரியும்.

டீ கிளாஸ் நாற்றத்தோடு குமரேசன் வாசலில் வந்து நின்றான், என்ன என்ன என்று அக்காவைக் கேட்டான், அம்சாவைக் கேட்கவில்லை. அக்கா கட்டைப்பையை இன்னும் இறுக்கமாக அணைத்துக்கொண்டாள். கட்டிலின் தடுப்புக் கம்பியைத் தூக்கி மாட்டினார்கள். நர்ஸ் காகிதத்தோடு கூடவே நடந்து வந்தாள், இன்னும் நாலு வரி நிரப்ப வேண்டியிருந்தது. "மூத்தது ஒண்ணு. அதுக்கப்புறம் ஏதாச்சும் கலைஞ்சிருக்கா?" என்று கேட்டாள், பார்க்காமல், எல்லாரிடமும் கேட்கிற கேள்வி. "ஒண்ணு" என்றாள் அம்சா. "தானா கலைஞ்சதா, கலைச்சதா?" "கலைச்சது." பேனா நின்றது. கூடவே வந்த டாக்டரும் நின்றாள். "எங்க?" "மாந்தோப்புல. மோட்டார் ரூம்ல மிஷின் வச்சுப் பாத்துட்டு." குமரேசன் தரையைப் பார்த்தான். "யாரு கூட்டிட்டுப் போனது?" என்றாள் டாக்டர்.

வாய் வரைக்கும் பேர் வந்தது, வந்து நின்றது, இத்தனை வருஷம் அண்ணி அண்ணி என்று கூப்பிட்ட வாய், பேர் சொல்லிப் பழக்கமில்லை. சொல்ல வேண்டியதுமில்லை. அம்சா போர்வைக்குள்ளிருந்து கையை எடுத்தாள், பசை இன்னும் காயவில்லை. ஒரு விரலால் காட்டினாள்.